முன்மாதிரி நாசம்

கடவுள் மழை பெய்விக்கும்போது யாருடைய கையெழுத்தையும் கேட்பதில்லை. நல்லவன் நிலம், பொல்லாதவன் நிலம், எழுதப் படிக்கத் தெரியாதவன் நிலம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி பெய்துவிட்டுப் போய்விடுகிறார். நிர்வாகம் என்று பார்த்தால் இது பெரிய ஒழுங்கீனம். வட்டார மானிய அலுவலகத்தில் அப்படிப்பட்ட தவறு ஒருமுறைகூட நடந்ததில்லை.

அந்த அலுவலகத்தின் ஆளுகையில் ஒரு பருத்தி விவசாயி இருந்தார். ஊரார் அவருக்கு ‘வெடிக்காத காய்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பருத்தியில் சில காய்கள் அப்படித்தான். முற்றிக் காய்ந்து, உள்ளே பஞ்சு இருந்தும், வாய் திறக்காமல் செடியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அவரும் யார் என்ன சொன்னாலும் ‘சரிங்க’ என்பதற்கு மேல் பேசுவதில்லை. பயந்த மனிதர். நாய் குரைத்தால் நாய்க்கும் ஒரு ‘சரிங்க’ சொல்லிவிட்டுத்தான் நகர்வார் என்பாள் அவர் மனைவி.

அந்தப் பருவத்தில் காய்ப்புழு விழுந்தது. எல்லோரும் பருத்தி நாச மானியத்துக்கு விண்ணப்பித்தார்கள். விண்ணப்பிக்காமல் தனியாக நிற்கப் பயந்துகொண்டு அவரும் விண்ணப்பித்தார். சில நாளில் ஜீப் வந்தது. மானிய அலுவலர் இறங்கி வரப்பில் நின்றார். செருப்பில் மண் படக்கூடாது என்று வயலுக்குள் இறங்கவில்லை. உடன் வந்தவர்கள் வயலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டி, ஒரு பலகையும் நட்டார்கள். ‘பதிவு செய்யப்பட்ட நாசம். கை வைப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.’

“இனிமே இது உங்க வயல் இல்லை. எங்க நாசம்,” என்றார் அலுவலர். “மேலதிகாரி வந்து பார்க்கிற வரைக்கும் குறையாம, கூடாம இப்படியே இருக்கணும்.”

“சரிங்க. மருந்து மட்டும் அடிச்சுக்கலாங்களா?”

“அடிச்சா புழு செத்துடாதா?”

“செத்துடுங்க.”

“புழு செத்துட்டா மானியம் எதுக்கு?”

இந்தக் கேள்வியில் ஓட்டை எதுவும் இல்லை. அவர் ‘சரிங்க’ என்றார்.

நாசத்தைப் பராமரிப்பதாக உறுதிமொழி கொடுக்க அலுவலகத்துக்குப் போனபோதுதான் ஊரே பயந்து பேசும் அந்த இன்னொரு பலகையை அவர் அருகில் நின்று பார்த்தார். தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்ப் பானைக்கு மேலே, தண்ணீர் குடிக்கக் குனிகிறவன் நிமிரும்போது கண்ணில் படும்படி அதை மாட்டியிருந்தார்கள். தலைப்பு: ‘மானியத்தை ஏமாற்றியவர்கள்.’ கீழே சட்டம் போட்ட படங்கள். முதல் படம், அவருடைய பக்கத்து வயல்காரனுடையது. போன வருடம் ஆய்வுக்குக் காத்திருக்கும்போது பொறுக்க மாட்டாமல் செடிக்கு மருந்து அடித்துவிட்டான். சேதத்தைச் சேதப்படுத்தியது அவன் மேல் சுமத்தப்பட்ட குற்றம். அன்றிலிருந்து ஊரில் அவன் பெயர் ‘படம்’ ஆகிவிட்டது.

பலகையில் ஏறியவர்களுக்கு அரசாங்க விதைக்கடையில் விதை கிடையாது. அவர்களுக்கு விதை கொடுப்பவர்களின் படமும் பலகையில் ஏறும். கடைவிதையில் விளைந்த பருத்தியின் கொட்டையை மறுபடி விதைத்தால் முளைக்கும், காய்க்காது. ஆகவே பலகையில் ஏறியவனிடம் நிலம் இருக்கலாம், மாடு இருக்கலாம், மழையும் இருக்கலாம். விதைக்க ஒன்றும் இருக்காது.

இந்தப் பருவம் விதைக்கும் சமயத்தில் படம் ஒரு மாலை அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். “அண்ணே, ஒரு பிடி...” என்று ஆரம்பித்தான். அவர் கதவைச் சாத்திவிட்டார். சாத்திய கதவில் முதுகை வைத்துக்கொண்டு நின்றபோது, கொல்லைப் பக்கமாக மனைவி ஒரு தகர டப்பாவை எடுத்துக்கொண்டு போவது தெரிந்தது. தலையணைப் பஞ்சுக்காக வேலியோரம் அவள் வளர்க்கிற பழைய ரகச் செடிகளின் விதை அதில் இருந்தது. திரும்பி வந்தவளிடம் அவர், “நீ எங்கேயும் போகலை. நான் எதையும் பார்க்கலை,” என்றார்.

“சரிங்க,” என்றாள் அவள், அவர் குரலிலேயே.

இப்போது பலகையின் கடைசிச் சட்டம் காலியாக இருந்தது. அதற்கு மேலே மட்டும் ஒரு சிறு விளக்கு எரிந்தது. அவர் குனிந்து தண்ணீர் குடித்து நிமிர்ந்தார். கண்ணாடிக்குள் அவர் முகம் இருந்தது. சட்டத்துக்கு அளவெடுத்தது போல. அவர் சட்டென்று ஒதுங்கிக்கொண்டார்.

அதன்பின் அவர் வயலுக்குக் காவல் இருக்கத் தொடங்கினார். புழு தின்னப் பறவைகள் வந்தன. அவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு அவற்றை விரட்டினார். ஒரு மைனா தப்பித்தவறி ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டால் வெளிறிப்போய் ரோட்டைப் பார்ப்பார், ஜீப் வருகிறதா என்று. வாழ்நாளெல்லாம் எதைக் கொல்ல உழைத்தாரோ அது இப்போது அவருடைய பொறுப்பில் கொழுத்தது.

பக்கத்து வயலிலிருந்து படம் கூப்பிட்டான். “அண்ணே, காவல் செடிக்கா, புழுவுக்கா?”

அவர் இருபுறமும் பார்த்துவிட்டு, “எங்கிட்ட பேசாதே,” என்றார்.

“சரி, பேசலை. உங்க புழு நாடாவைத் தாண்டி என் பக்கம் வருது. அதுக்கிட்டயாவது சொல்லுங்க. அரசாங்க சொத்து, நான் நசுக்கிட்டா தப்பாயிடும்.”

மறுபடி ஜீப் வந்தது. இந்த முறை அலுவலர் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்ததும் விவசாயி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“உங்க வயல் தேர்வாகியிருக்கு! ‘முன்மாதிரி நாசம்.’ நாசத்துல இந்த வருஷம் நம்ம வட்டாரம்தான் முதல். மேலதிகாரியே நேர்ல வந்து இந்த வயல்ல மேடை போட்டு மானியம் வழங்கப்போறார். எனக்குப் பதவி உயர்வுகூட வரலாம்னு பேச்சு. நீங்க இவ்வளவு நல்லா நாசமாப் போவீங்கன்னு நான் எதிர்பார்க்கவே இல்லை.”

“சரிங்க.”

“ஒரு செடி பச்சையாத் தெரியக்கூடாது. பசுமையைப் பார்த்தா மேலதிகாரிக்கு மனசு வேதனைப்படும்.”

விழா நாள் குறிக்கப்பட்டது. மேலதிகாரிக்கு வேறு வட்டாரத்தில் ஒரு வெள்ளத்தைத் திறந்துவைக்க வேண்டியிருந்ததால் தள்ளிப்போனது. மறுபடி குறிக்கப்பட்டது, மறுபடி தள்ளிப்போனது. இதற்கிடையில், யாரையும் கேட்காமல், மழை பெய்தது.

பருத்திக்கு ஒரு குணம் உண்டு. முதல் காய்ப்பைப் பறிகொடுத்தாலும் வேரில் ஈரம் பட்டால் மறுபடி துளிர்க்கும், மறுபடி பூக்கும். மனிதர்களுக்கும் அந்தக் குணத்தைக் கடவுள் கொடுத்திருக்கிறார், அலுவலகங்கள்தாம் அதை எதிர்பார்ப்பதில்லை. ஒரு காலையில் அவர் வயலுக்குப் போனபோது மஞ்சள் நாடாவுக்குள் இளமஞ்சள் பூக்கள் விரிந்திருந்தன. பேயைக் கண்டது போல அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு எந்த வருடமும் அந்தப் பூவைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார். அன்று ஒவ்வொரு பூவும் ஒரு சாட்சியாகத் தெரிந்தது.

மறைத்தால் குற்றம், சொன்னாலும் குற்றம் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் கிடந்து, கடைசியில் அலுவலகத்துக்குப் போனார். தாழ்வாரத்தில் பலகையைப் பார்க்காமல் இருக்கச் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தார்.

“ஐயா, செடி தேறிடுச்சுங்க.”

அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். “யாரைக் கேட்டு?”

“மழை பெஞ்சுதுங்க.”

“மழை நம்ம துறை இல்லை. அது வேற துறை. அவங்க பண்ணினதுக்கு நான் பொறுப்பாக முடியுமா? உங்க வயல் நாசம்னு அறிக்கை போயாச்சு. மேலிடத்துல அதைப் படிச்சு வருத்தப்பட்டாச்சு. பட்ட வருத்தத்தை இப்ப எப்படித் திரும்ப வாங்குறது? நீங்களே சொல்லுங்க.” அவர் எழுந்து, விவசாயியின் தோளில் கை வைத்து ஜன்னலோரம் அழைத்துப்போனார். அங்கிருந்து தாழ்வாரத்தின் கோடியில் எரியும் சிறு விளக்கு தெரிந்தது. “உங்களுக்காகத்தான்யா இத்தனை பேர் இங்க வேலை பார்க்கிறோம். நாசம் இல்லைன்னா எங்க பிள்ளைகுட்டிங்க என்ன பண்ணும்? கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. புழு குறைஞ்சுபோச்சுன்னா பயப்படாதீங்க, நாங்க அனுப்புறோம்.”

புழு வந்தது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து அட்டைப்பெட்டிகளில். வழியில் ஒவ்வொரு மேசையிலும் கையெழுத்துக்காகக் காத்திருந்ததில், மானியத்துக்குக் காத்திருந்த பலரைப் போல, அவையும் செத்துப்போயிருந்தன. ‘உயிருடன், நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ஜீப் போனது. கையெழுத்துப் போட்டபின் அவருக்கு இன்னொரு பயம் சேர்ந்தது. இப்போது அரசாங்கத்தின் புழுக்களைக் கொன்றவரும் அவர்தான்.

பூ காயாயிற்று. காய் வெடித்தது. வயல் முழுவதும் வெள்ளை வெளேரென்று, பார்த்த கண் கூசும்படி பருத்தி. அன்று காலைதான் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நாளைக்கு விழா, மேலதிகாரி வருவது உறுதி.

அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு வயலுக்கு ஓடினார். மனைவி பின்னாலேயே ஓடிவந்து, நாடாவுக்கு வெளியே நின்று கத்தினாள்.

“இந்தாங்க! என்ன பண்ணப் போறீங்க?”

“வெட்டி மண்ணுல போட்டு மிதிச்சுடறேன். ஒரு பஞ்சு தெரியக்கூடாது.” அரிவாள் செடியைத் தொட்டுத் தொட்டு விலகியது. “அந்தச் சட்டத்துல என் மூஞ்சி தெரிஞ்சுதுடி. நான் பார்த்தேன்.”

“கடவுள் கொடுத்ததை மிதிச்சுட்டு, எந்த ஆபீஸ்ல போய் மன்னிப்பு கேட்பீங்க? அதை வைங்க கீழே. எடுக்கிற பருத்தியை எடுத்துடுவோம். எடுத்துட்டா வெறும் குச்சியும் காய் ஓடும்தானே நிக்கும்?”

“நாடாவைத் தாண்டினா குத்தம்.”

“நீங்க தாண்டித்தான் நிக்கிறீங்க.”

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். அழுகை வந்துவிட்டது.

அப்போது யாரோ நாடாவைத் தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார்கள். படமும் அவன் மனைவியும். இடுப்பில் பருத்தி எடுக்கும் துணி கட்டியிருந்தார்கள். “எனக்கென்ன அண்ணே பயம்? என் படத்தைத்தான் ஏற்கெனவே மாட்டியாச்சே,” என்றான் அவன். அவர்களுக்குப் பின்னால் இரண்டு தெருக்களிலிருந்து பெண்கள், ஒவ்வொருவராக, ரோட்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. கூலியைப் பற்றி யாரும் பேசவில்லை. பொதுவாகப் பருத்தி எடுக்கும்போது ஊர்க்கதையெல்லாம் வெளியே வரும். அன்று விரல்கள் மட்டும் ஓடின. ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எல்லோரும் செடியோடு செடியாகக் குனிந்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் வயல் மொட்டையாயிற்று. பழுப்புக் குச்சிகள், விரிந்த காலி ஓடுகள், தொங்கும் இலைகள். எடுத்து முடித்த பருத்தி வயலுக்கும் அழிந்த பருத்தி வயலுக்கும், மேடையிலிருந்து பார்த்தால், வித்தியாசம் கிடையாது.

வீட்டில் குவித்த பஞ்சைப் பார்த்ததும் அவருக்குப் புதிதாக வேர்த்தது. “இதுவரைக்கும் நான் ஏமாத்தலை. இப்ப நிஜமாவே ஏமாத்தறேன்.”

“கேட்டா உள்ளதைச் சொல்லிடுங்க,” என்றாள் மனைவி.

“கேட்கலைன்னா?”

அவள் பஞ்சின் மேல் ஒரு துணியை இழுத்துப் போட்டாள். “கேட்கலைன்னாலும் சொல்லிடுங்க. நம்மாலே சுமக்க முடியாது.”

மறுநாள் மேடை, ஒலிபெருக்கி, நாற்காலிகள். மேலதிகாரி கறுப்புக் கண்ணாடியோடு வந்து, கண்ணாடியைக் கழற்றாமலே வயலைப் பார்த்தார். அவர் உதடு துடித்தது.

“என் பணிக்காலத்தில் எத்தனையோ நாசங்களைப் பார்த்திருக்கிறேன்,” என்று பேசத் தொடங்கினார். “அரைகுறையானவை. ஆங்காங்கே ஒரு செடி தப்பித்திருக்கும். பார்க்கும் அதிகாரிக்குக் குழப்பம் ஏற்படும். ஆனால் இங்கே பாருங்கள், எவ்வளவு சீராக இருக்கிறது! ஒரு செடிகூடச் சலுகை பெறவில்லை. நிர்வாகம் என்றால் இதுதான். விவசாயி அழும்போது அரசு கைகட்டி நிற்காது. உடனே வந்து பார்க்கும். பார்த்தபின் மறுபடி வந்து பார்க்கும். அவர் அழுகையை நிறுத்திவிட்டால் எங்கள் உழைப்பெல்லாம் என்னாவது என்று ஒருகணம் சிந்தியுங்கள்!”

கைதட்டல் எழுந்தது. ஒரு கதவு அளவுக்குப் பெரிய அட்டைக் காசோலையை விவசாயியிடம் கொடுத்தார்கள். அதைப் பிடித்தபோது அவர் முழுவதும் மறைந்துபோனார். அட்டைக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நன்றி சொல்லச் சொல்லி ஒலிபெருக்கியை அட்டைக்குப் பின்னால் நீட்டினார்கள்.

முதலில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தக் காய் வெடித்தது.

“ஐயா, புழு தின்னது நெசங்க. அப்புறம் மழை வந்து தேறிடுச்சு. நேத்து எடுத்துட்டோம். பஞ்சு வீட்டுல இருக்கு. நீங்க பார்க்கிறது நாசம் இல்லைங்க, எடுத்து முடிச்ச வயல். எனக்கு இது வேண்டாங்க. என் படத்தை மட்டும் மாட்டிடாதீங்க.”

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கூட்டத்தின் ஓரத்தில் மனைவி கைகூப்பி நின்றாள். மேடையில் செருப்புச் சத்தம் நெருங்கியது. தோளில் ஒரு கை விழுந்தது.

“பாவம்,” என்றார் மேலதிகாரி, ஒலிபெருக்கியில். “கேட்டீர்களா? பஞ்சு வீட்டில் இருக்கிறதாம். புழு இவருடைய வயலோடு நிற்கவில்லை, புத்தியையும் தின்றுவிட்டது. நாசத்தின் ஆழத்தை இதைவிட யாரும் விளக்க முடியாது.”

மானிய அலுவலர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரட்டிப்புக் கைதட்டல்.

“இவருடைய படத்தை நம் அலுவலகத்தில் மாட்டுங்கள்,” என்று ஆணையிட்டார் மேலதிகாரி. “எல்லோருக்கும் எடுத்துக்காட்டாக இருக்கட்டும்.”

ஆணை உடனே நிறைவேற்றப்பட்டது. புதிய சட்டம் வாங்க ஒப்புதல் இல்லை; இருந்த காலிச் சட்டம் ஒன்றுதான். விளக்கும் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த விதைப்புக்கு விதைக்கடைக்குப் போனபோது கடைக்காரர் அவரை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. “பலகையில இருக்கீங்க. விதை கிடையாது.”

“அது... நல்லதுக்கு மாட்டின படங்க.”

“எதுக்கு மாட்டினாங்கன்னு பலகைக்குத் தெரியுமா? தள்ளி நில்லுங்க, அடுத்த ஆள் வரட்டும்.”

மானிய அலுவலகத்தில் இன்னும் தெளிவாகச் சொன்னார்கள். “பலகையிலேர்ந்து இறக்க வழி இருக்கு. ஏமாத்தினதை ஒத்துக்கிட்டு, திருந்திட்டேன்னு எழுதிக் கொடுக்கணும். நீங்க ஏமாத்தினீங்களா?”

“இல்லைங்க.”

“அப்புறம் எப்படித் திருந்துவீங்க?” பலகையில் உள்ளவர் என்பதால் மானியமும் நிறுத்தப்பட்டிருந்தது. அட்டையை மட்டும் அவரே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

உழுத நிலம் வெறுமையாகக் கிடந்தது. பஞ்சு விற்றது வீட்டுச் செலவுக்குக் காணும். அதற்கு மேல் அடுத்த வருடம் என்று ஒன்று இல்லை. தெருவில் அவரைக் கண்டவர்கள் வேறு வேலை நினைவுக்கு வந்தது போலத் திரும்பினார்கள். அன்று சேர்ந்து பருத்தி எடுத்த கைகள்தாம். அவற்றிலும் பயம் இருந்தது, குறை சொல்ல முடியாது. அவர் நடந்தால் முன்னால் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை உள்ளே இருந்து அவர் அறிவார்.

முதல் மேகம் திரண்ட ஒரு மாலையில் கதவைத் தட்டினார்கள். ஜீப் என்று நினைத்து அவர் எழவில்லை. மனைவிதான் திறந்தாள். வெளியே படம் நின்றான். கையில் அந்தத் தகர டப்பா, கூடவே தோளில் ஒரு பை.

“அண்ணி, உங்க டப்பா. திருப்பிக் கொடுக்க மறந்தே போச்சு. வேலியோரச் செடிதானேன்னு நினைச்சேன், நல்லாத்தான் காய்ச்சுது. கடைவிதை மாதிரி மகசூல் கொட்டாது. ஆனா இதோட கொட்டையைப் போட்டா முளைக்கும், காய்க்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை.”

அவன் பையைப் பிரித்தான். மொழுமொழுவென்று கறுப்பு விதைகள். அவை கொஞ்சம் ஈரமாக இருந்ததால் மனைவி அட்டைக் காசோலையை வாசலில் கவிழ்த்துப் போட்டு, அதன் வெள்ளை முதுகில் அவற்றைப் பரப்பினாள். அந்த அட்டை ஒருவருக்கு உதவியது அதுவே முதல்முறை.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உனக்கு?” என்றார்.

“பாதி வச்சிருக்கேன்.”

“அன்னைக்கு நான் கதவைச் சாத்தினேன்.”

“ஆமா அண்ணே. அந்தச் சத்தத்துலதான் அண்ணி கொல்லைப் பக்கம் வந்தது யாருக்கும் கேட்கலை.”

தெருக்கோடியில் ஜீப்பின் உறுமல் கேட்டது. வெளிச்சம் சுவர்களைத் தடவிக்கொண்டு வந்தது. வாசலில் பரப்பிய விதைகள் ஒவ்வொன்றும் மினுங்கின. பழக்கத்தில் அவர் கை கதவுக்குப் போயிற்று. கதவைப் பற்றியும்விட்டது. கீல் முனகியது.

அவர் கதவை இன்னும் அகலமாகத் திறந்தார்.

“வெளியில ஏன் நிக்கிறே,” என்றார். “உள்ளே வா தம்பி.”